கேளாமலே ஒரு தீர்ப்பு

சாவு வீட்டில் பாடப்படுவது என்பதாலேயே வடசென்னையின் கானாவை நெடுங்காலம் இழிவாக எண்ணினோர் பலர். எம்.கே.பி. நகர் இளைஞர் சிலர் விரும்பிக் கேட்கும் மெட்டல் இசைக்கும் அதே கதி. ‘சாத்தானின் சத்தம்’ என்ற தீர்ப்பு, கேளாமலே வழங்கப்படுகிறது.

இவ்விசை பிறந்தது இங்கிலாந்தின் தொழில்நகரான பர்மிங்காமில். அங்கே ஆலை இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர், பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிட்டார் தந்திகளை அழுத்தும் கை அதுவே. அழுத்துவது எளிதாகத் தந்திகளைத் தளர்த்தினார். ஒலி தாழ்ந்தது, கனத்தது. எண்ணூர் ஆலைகளை அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்கனம் அந்நியமாகுமோ? அந்தத் தளர்ந்த தந்திகளோடு 1971-இல் வெளிவந்த தொகுப்பில்தான், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீஸர் பட்லர் எழுதிய ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ இருக்கிறது. இறைநம்பிக்கையை ஏளனம் செய்வோரை நோக்கிய பாடல் அது. குழுவின் பெயருக்கு அஞ்சியோர் பாடலைக் கேட்டாரில்லை.

பின்வந்த டெத் மெட்டல், பிளாக் மெட்டல் ஆகிய தீவிர வகைகளில் நஞ்சே இல்லையென்று வாதிட வரவில்லை. நார்வேயில் 1992 முதல் அவ்வட்டத்து இளைஞர் சிலர் ஆலயங்களை எரித்தனர். அது குற்றம், இசையன்று. வரிகளிலும் திகிலூட்டவே எழுதப்பட்ட மலிவான சரக்கு மிகுதி. ஆனால் சொல் புரியாத அந்த உறுமல் வேறு. நம் பாடகர் குழுக்கள் துயரத்தையும் இனிமையாக்கிவிடுகின்றன. திருப்பாடல் 88-இலோ இனிமையில்லை; அது இருளிலேயே முடிகிறது. வெள்ளி இரவுச் செபத்தில் குருக்கள் நாங்கள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடிக்கிறோம். அதற்குரிய ஓசை எதுவென்று கேட்டால், ஆர்மோனியத்தைவிட அந்த உறுமலே அருகில் நிற்கிறது.