ராதையின் விசுவாசம்: ‘சகுணா’ புதினத்தில் தாய்மை

தாய்மையைப் பற்றி நம் பிரசங்க பீடங்களில் கேட்கும் செய்தி பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்ததாகும். அன்னாள் சாமுவேலின் பொருட்டும், ஐனிக்கேயாள் தீமோத்தேயுவின் பொருட்டும் புகழப்படுகின்றனர். மகன் சிறந்தான், ஆதலால் தாய் சிறந்தாள் என்பதே வாதம். தாய் தன்னளவில் ஒரு விசுவாசி, அவளுக்கும் தளர்ச்சியும் தேறுதலும் உண்டு என்பது இதில் மறைந்துபோகிறது. இதனை எண்ணிப் பார்க்கக் கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ நமக்கு உதவுகிறது.

கிருபாபாய் 1862இல் அகமத்நகரில், பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்து மார்க்கம் தழுவிய பெற்றோரின் பதினான்கு மக்களில் ஒருவராகப் பிறந்தார். 1878இல் மருத்துவம் பயிலச் சென்னை வந்து, போதகர் சத்தியநாதன் இல்லத்தில் தங்கி, பின்னர் அவர் மகன் சாமுவேலை மணந்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய இத்தன்வரலாற்றுப் புதினம் 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 1896இல் தமிழாக்கமும் வெளியாயிற்று.

பெண்கல்வியை வேண்டிய நூலென்றே இதனைப் பலரும் போற்றுவர். நமக்கோ அதன் முற்பகுதியில் வரும் தாய் ராதையே முதன்மையாகத் தோன்றுகிறாள். கணவன் கிறிஸ்தவனான செய்தி அவளுக்கு நற்செய்தியாக இல்லை. வீடு, உறவு, ஆசாரம், தெய்வம் யாவும் ஒருங்கே பறிபோன செய்தி அது. மனமின்றியே அவனைப் பின்தொடர்கிறாள். அவளுடைய மாற்றம் ஒரு நொடியிலும் நிகழவில்லை, வாதத்தாலும் நிகழவில்லை. பின்னர்க் கணவனை இழந்து பெருங்குடும்பத்தைச் சுமக்கிறாள். மூத்த மகன் பாஸ்கரனையும் இழக்கிறாள். எந்த விசுவாசத்தை வேண்டாமென்று அழுதாளோ, அதிலேயே ஊன்றி நிற்கவேண்டியவளாகிறாள்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஊழியம் செய்வோர்க்கு இது அயலான கதையன்று. டேனிஷ் மிஷன் உழைத்து, ஆற்காடு லுத்தரன் திருச்சபை வேரூன்றிய நிலம் இது. ஞானஸ்நானத்தை முடிவு செய்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அதன் விலையை அன்றாடம் செலுத்துபவள் தாய். கார்த்திகைத் தீபத்திற்குப் பிறந்தகம் அழைத்தால் பிள்ளைகளோடு போவதா என்ற அவளுடைய கேள்விக்கு ஞானோபதேசப் புத்தகத்தில் விடையில்லை. மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் மரநிழலில் தூளி கட்டிவிட்டு, வேலைக்கிடையே அவள் முணுமுணுக்கும் ஜெபத்திற்கு நம் ஆராதனை முறைமையில் இடம் எங்கே? (மாதர் சங்கத்துக்கு விட்டுவிட்டோம் என்பது விடையாகாது.) தயங்கித் தயங்கி வந்த ராதையின் விசுவாசமும் விசுவாசமே என்று கேட்பது இத்தாய்மார்க்கு எத்தனை பெரிய திடன்!

ஆயினும் நூலின் குறையை மறைத்தலாகாது. ராதையை நாம் மகளின் கண்வழியாகவே காண்கிறோம். கல்வி வேட்கை கொண்ட மகள் முன்வரமுன்வரத் தாய் பின்னுக்குச் செல்கிறாள். பாஸ்கரனின் மறைவில் தங்கையின் துயரமே பெரிதும் பேசப்படுகிறது. மகனைப் பறிகொடுத்த அன்று அத்தாய் கர்த்தரிடம் என்ன சொன்னாள் என்று அறிய விழைகிறோம்; நூல் நமக்கு அதனைத் தருவதில்லை.

ஆசிரியருக்கு இத்துயரம் தெரியாததன்று. தம் ஒரே குழந்தையை அதன் முதலாண்டு நிறையுமுன்னரே இழந்தவர் அவர். உடல் நலிந்த இறுதிக்காலத்தில் ‘கமலா’ என்னும் மற்றொரு புதினத்தை எழுதி, 1894இல் மறைந்தார். கமலா இந்துப் பெண். கணவனையும் பச்சிளங்குழந்தையையும் பறிகொடுப்பவள். கிறிஸ்தவத் தாயின் வாயில் வைக்கத் துணியாத புலம்பலை ஆசிரியர் இந்துத் தாயின் வாயில் வைத்தாரோ என்று நாம் ஐயுறுகிறோம். விசுவாசி என்றால் விரைவில் தேறிவிடவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அக்காலச் சபையில் மட்டுமா இருந்தது? மத்தேயுவோ, எரேமியாவைப் பின்பற்றி, ஆறுதலடைய மறுத்த ராகேலை இயேசுவின் பிறப்பு வரலாற்றின் நடுவிலேயே நிறுத்தியிருக்கிறார். இறையியல் மாணவர் இவ்விரு புதினங்களையும் சேர்த்தே படிப்பது நலம். ராதை மௌனமாகும் இடத்தில் கமலா அழுவதை அப்போது கேட்கலாம்.