இரு வர்ணத்தில் ஒரு முகம்

முகச்சித்திரம் என்றாலே இமை ரோமம் வரை எண்ணிக் காட்டும் நுட்ப வேலை என்று நினைத்துப் பழகியவர்களுக்கு, 1960-ல் ஷாங்காயில் பிறந்து, வாலிபத்திலேயே பிரான்ஸுக்குப் போய், டிஜோன் நகரத்துக் கலைப்பள்ளியில் பயின்று, அந்த ஊரிலேயே தங்கிவிட்ட யான் பேய் மிங்கின் சித்திரங்கள் சற்று அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆளுயரத்தையும் விஞ்சிய கித்தானில், மிக அகன்ற தூரிகைகளைக் கொண்டு, பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாகவோ சிவப்பும் வெள்ளையுமாகவோ அவர் வீசியடிக்கும் வர்ணம், கிட்டே நின்று பார்ப்பவனுக்கு வெறும் அலங்கோலம். பத்தடி பின்வாங்கினாலோ அதே தீற்றல்கள் ஒன்றுகூடி மாவோவின் நெற்றியாகவும், புரூஸ் லீயின் விழியாகவும், தம் தந்தையின் கன்னமாகவும் பிரத்தியக்ஷமாகின்றன. மாவோவைத் திரும்பத் திரும்பத் தீட்டியதனால்தான் அவருக்குக் கீர்த்தி வந்தது. எனக்கென்னவோ, தந்தையைத் தீட்டியவையே மேலானவை.

2009-ல் பாரிஸின் லூவர் காட்சிசாலையில், மோனாலிஸாவின் அந்திமச் சடங்கு என்றே பெயரிட்டு அவர் வைத்த சித்திர வரிசையில், மரணப்படுக்கையிலிருக்கும் தந்தையோடு, பிரேதமாகக் கிடக்கும் தம்மையும் சேர்த்துத் தீட்டியிருந்தார். உயிரோடிருப்பவன் தன் சவத்தைத் தானே எழுதுவது விபரீதம் என்பார் உண்டு. அந்தச் சாம்பல் வர்ணத்தின் நிதானத்தைக் கண்டபின் நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன்.