சாய்ந்து ஓட்டும் சைக்கிள்: ஒரு நல்ல நூலும் அதன் சார்பும்

சைக்கிளைப் பற்றி இனி ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக 1974-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளிவந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பதிப்பகம் வெளியிட்ட ‘பைசைக்ளிங் சயன்ஸ்’ என்பது அதன் பெயர். பிராங்க் ரோலண்ட் விட், டேவிட் கார்டன் வில்சன் ஆகிய இருவரும் எழுதியது. 1982-இலும் 2004-இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. வில்சன் 2019-இல் காலமானார். அடுத்த ஆண்டு, தியடோர் ஷ்மிட் என்பவரின் துணையுடன் அவர் உருவாக்கிய நான்காம் பதிப்பு வெளியாயிற்று. சைக்கிளின் இயற்பியலை அறிய விரும்புவோர் முதலில் கையில் எடுக்கும் நூல் இன்றும் இதுவே.

நூல் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு வழக்கும் இருக்கிறது. வழக்காடுபவர் நூலாசிரியர் வில்சன். அவர் கட்சிக்காரர், சாய்ந்து ஓட்டும் சைக்கிள். அந்த வழக்கின் நியாயம் எவ்வளவு என்பதை, நூல் கற்றுத்தரும் இயற்பியலைக் கொண்டே எடை போட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சாய்வு சைக்கிள் என்பது என்ன? நாம் அறிந்த சைக்கிளில் ஓட்டுபவர் மிதிகளுக்கு மேலே அமர்கிறார். சாய்வு சைக்கிளில், சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, தமக்கு எதிரே உள்ள மிதிகளை உதைக்கிறார். இருக்கை தாழ்வு, சங்கிலி நீளம். வில்சன் இதைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகழ்பெற்ற ‘அவதார் 2000’ என்ற சாய்வு சைக்கிளை உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். தாமே அத்தகைய வண்டியை ஓட்டியவர். எனவே அவருடைய சொற்களை ஒரு காதலரின் சொற்களாகவும் நாம் படிக்கவேண்டும்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் காண்போம். சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது இரண்டு தடைகளை வெல்லவேண்டும். ஒன்று, சக்கரம் உருள்வதால் ஏற்படும் தடை. இது வேகம் கூடினாலும் ஏறத்தாழ மாறாது. மற்றொன்று காற்றின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வேகத்தை இரட்டித்தால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் செலுத்த வேண்டும்.

நடைமுறைக்கு ஒத்த எண்களை இட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம். உருளும் தடை 5 நியூட்டன். நிமிர்ந்து அமர்ந்தவருக்கு, காற்றுத் தடையைக் குறிக்கும் பயனுறு பரப்பு 0.55 சதுர மீட்டர் என்க. அவர் 150 வாட் திறனுடன் மிதித்தால், மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்வார். சாய்வு சைக்கிள் 5 கிலோகிராம் கூடுதல் எடையுள்ளது என்றும், அதில் அந்தப் பரப்பு 0.30 சதுர மீட்டராகக் குறைகிறது என்றும் கொள்வோம். அதே 150 வாட்டுக்கு வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். தசைக்கு ஒரு வாட்கூட அதிக வேலை இல்லை. காற்றுக்குக் காட்டும் முகம் மட்டுமே மாறியிருக்கிறது. சங்கிலியில் ஏற்படும் சிறு இழப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை; அது இரண்டுக்கும் உண்டு.

இனி வழக்கின் வரலாறு. 1914-இல் ஆஸ்கர் எக் என்னும் சுவிஸ் வீரர் ஒரு மணி நேரத்தில் 44.247 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நிறுவினார். அது 19 ஆண்டுகள் நிலைத்தது. 1933 ஜூலையில், முதல்தர வீரராக எண்ணப்படாத பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்ல் மொஷே உருவாக்கிய ‘வெலோகார்’ என்ற சாய்வு சைக்கிளில் பாரிஸ் நகரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அடுத்த மாதமே மோரிஸ் ரிச்சர் என்பவர் வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எது சாதனை? சர்வதேச சைக்கிள் சங்கம் 1934-இல் தீர்ப்பளித்தது. பந்தய சைக்கிள் இன்ன அளவுகளுக்குள் இருக்கவேண்டும் என்று வரையறுத்தது; அந்த வரையறைக்கு வெலோகார் வெளியே நின்றது. ரிச்சரின் சாதனை ஏற்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தது மேலும் சுவையானது. 1939-இல் அதே ஃபோர், காற்றை எளிதில் பிளந்து செல்லும் உறை பூட்டிய வெலோகாரில் ஒரு மணியில் 50.537 கிலோமீட்டர் சென்றார். மாபெரும் வீரரான எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோவின் மெல்லிய காற்றில் வழக்கமான சைக்கிளில் ஓட்டியது 49.431 கிலோமீட்டரே. 33 ஆண்டுக்காலப் பயிற்சி முறைகளின் வளர்ச்சியையும் ஒரு மாவீரரின் தசையையும் ஒரு தகட்டுறை வென்றிருந்தது.

இங்கேதான் வில்சனும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் தம் குற்றச்சாட்டை வைக்கின்றனர். 1934-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சாய்வு சைக்கிளின் வளர்ச்சியை நெரித்துவிட்டது; இல்லாவிட்டால் உலகம் இன்று வேறுவகைச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். கேட்பதற்கு நெஞ்சைத் தொடும் வாதம். திறமை இருந்தும் தடுக்கப்பட்டவன் கதையை யார்தான் விரும்பமாட்டார்கள்? ஆனால் இயற்பியல் அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறதா?

முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம். மணிக்கு 14 கிலோமீட்டர் என்பது, கடைக்கும் பள்ளிக்கும் செல்வோரின் வேகம். மேற்சொன்ன எண்களின்படி, நிமிர்ந்த சைக்கிளுக்கு ஏறத்தாழ 40 வாட், சாய்வு சைக்கிளுக்கு 32 வாட் தேவை. மிச்சம் 8 வாட். அதைக் காலால் உணர்வதே அரிது. அடுத்து, நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றம். அதே 150 வாட்டுக்கு நிமிர்ந்தது மணிக்கு 10.8 கிலோமீட்டர், சாய்ந்தது 10.6 கிலோமீட்டர். ஏற்றத்தில் புவியீர்ப்புதான் எதிரி, காற்று அல்ல. எடை கூடிய வண்டி சற்றே பின்தங்குகிறது. அத்துடன், நிமிர்ந்த சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடையை மிதிமேல் போடலாம்; சாய்ந்தவருக்கு அந்த வசதி இல்லை.

சமநிலையையும் பார்க்கவேண்டும். ஒரு நீண்ட துடைப்பக் கட்டையை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். சிறிது பழகினால் நிற்கும். பின்னர் ஒரு பென்சிலை நிறுத்த முயலுங்கள், நிற்காது. ஏன்? நீண்ட கோல் மெதுவாகச் சாய்கிறது. கை திருத்திக்கொள்ள நேரம் தருகிறது. குட்டைக் கோல் விரைந்து விழுகிறது. விழும் கால அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வருவதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நிமிர்ந்த சைக்கிளுக்கு அவ்வுயரம் 1.1 மீட்டர் எனில் காலம் 0.34 விநாடி. சாய்ந்ததற்கு 0.7 மீட்டர் எனில் 0.27 விநாடி. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகமாகப் போகும்போது இது பொருட்டல்ல. ஆனால் நடக்கும் வேகத்தில், நெரிசலில், ஏற்றத்தில் இது பெரிது. முதுகு இருக்கையில் பதிந்திருப்பதால் உடலை வளைத்துச் சமாளிக்கவும் வழி குறைவு. புதிதாகச் சாய்வு சைக்கிள் ஏறுபவர் புறப்படும்போது தள்ளாடுவதன் காரணம் இதுவே.

வேறொரு துறையில் வில்சனின் கட்சி வலுவாக நிற்கிறது. அது பிரேக். நிமிர்ந்த சைக்கிளில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஈர்ப்பு மையம் உயரமாகவும் முன்சக்கரத்துக்கு அருகிலும் இருப்பதே காரணம். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.56 பங்குக்கு மேல் வேகத்தைக் குறைக்க முடியாது. நீண்ட, தாழ்ந்த சாய்வு சைக்கிள் கவிழாது. உலர்ந்த சாலையில் 0.8 பங்கு வரை டயரின் பிடிப்பே எல்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, முன்னதற்கு 4.4 மீட்டர், பின்னதற்கு 3.1 மீட்டர். இந்த 1.3 மீட்டர் ஓர் உயிரின் விலையாகலாம். எதிர்ப்பக்கத்தில், தாழ்ந்து செல்லும் வண்டி லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் படாது என்பதையும் சொல்லவேண்டும்.

உடல் வெப்பம் பற்றிய விவாதம் இந்நூலின் தனிச்சிறப்பு. தசை ஓர் எஞ்சின். அதன் பயனுறுதிறன் ஏறத்தாழ 25 விழுக்காடு. 150 வாட் மிதிக்குச் சென்றால் 450 வாட் வெப்பமாக உடலில் எழும். எதிர்க்காற்றே அதை அகற்றுகிறது. முழு உறைக்குள் அமர்ந்தவர் காற்றுத் தடையிலிருந்து தப்பும்போது குளிர்ச்சியையும் இழக்கிறார். 2016-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாட் ரைக்கர்ட் உறையிட்ட சாய்வு வண்டியில் மணிக்கு 144.17 கிலோமீட்டரை எட்டினார். சில நிமிட ஓட்டத்துக்கு அந்த உறை வரம். வெப்ப நாட்டில் நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு அடுப்பு.

ஆகவே தீர்ப்பு என்ன? 1934-ஆம் ஆண்டு முடிவு வேகச் சைக்கிளின் வளர்ச்சிக்கு ஊறு செய்தது உண்மை. பந்தயத்தில் இடமில்லாத வண்டிக்குப் பணமும் இல்லை, புகழும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. மனித ஆற்றல் வாகனங்களுக்கென 1976-இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமெரிக்காவில் தோன்றும்வரை, 42 ஆண்டுகள் அத்துறை ஏறத்தாழ உறங்கிற்று. ஆனால் அந்தச் சங்கத்தின் தடை பந்தயத்துக்கு மட்டுமே. தபால்காரரையும் பால்காரரையும் அது தடுக்கவில்லை. அவர்கள் நிமிர்ந்த சைக்கிளைத் தேர்ந்ததற்குக் காரணம், மெதுவேகச் சமநிலை, எளிய ஏறுதல் இறங்குதல், சுமை, விலை, நாற்புறமும் தெரியும் பார்வை ஆகியவையே. இவை சட்டத்தால் வந்தவை அல்ல. இந்த வேறுபாட்டை நூல் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை என்பதே என் முதல் குறை.

சங்கத்தின் பக்கமும் ஒரு சொல். போட்டி மனிதருக்கிடையே, எந்திரங்களுக்கிடையே அல்ல என்று ஒரு விளையாட்டு வரையறுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வரையறை ஓட்டத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் வந்தால் அது பரிசைப் பறிப்பதாகும். அந்த வரையறையும் நிலையாக இருக்கவில்லை. பிரான்செஸ்கோ மோசர் 1984-இல் தட்டுச் சக்கரங்களுடன் 51.151 கிலோமீட்டர் ஓட்டியதை முதலில் ஏற்ற சங்கம், 2000-இல் அதை வேறு பட்டியலுக்கு மாற்றியது. 2014-இல் விதியை மீண்டும் மாற்றியது. இயற்கையின் விதி இப்படி மாறுவதில்லை.

சாய்வு சைக்கிளுக்காக வாதாடும் பொழுதுபோக்கு ஓட்டுநர்களிடமும் ஒரு கேள்வி. குளிர்நாடுகளில் இவர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு பருவம் ஓட்டுவர். ஒவ்வொரு பயணத்தின் சராசரி வேகத்தையும் குறித்துவைப்பர். பருவ முடிவில், வேகம் கூடிவிட்டது, வண்டியின் பெருமை பாரீர் என்பர். இது சோதனையாகுமா? வெப்பம் 5 பாகையிலிருந்து 25 பாகையானால் காற்றின் அடர்த்தி 7 விழுக்காடு குறைகிறது. அதனால் மட்டுமே மணிக்கு அரைக் கிலோமீட்டர் வேகம் கூடும். ஆறு மாதப் பழக்கத்தில் தசையும் தேறியிருக்கும். பாதை, எதிர்க்காற்று, நெரிசல் ஆகியவையும் வேறு. எல்லாம் ஒருசேர மாறும்போது ஒன்றுக்கு மட்டும் புகழைக் கொடுப்பது அறிவியல் அன்று.

சரியான சோதனை எளிது. காற்றில்லாத ஒரு காலையில், நீண்ட, போக்குவரத்தற்ற சீரான சரிவில், மிதிக்காமல் உருண்டு இறங்கவேண்டும். ஒரே ஆள், ஒரே இடத்திலிருந்து, இரு வண்டிகளிலும் மாறிமாறிப் பலமுறை இறங்கி எட்டும் வேகத்தைக் குறிக்கவேண்டும். நம் எண்களின்படி 5 விழுக்காட்டுச் சரிவில் நிமிர்ந்த சைக்கிள் மணிக்கு 38 கிலோமீட்டரிலும் சாய்ந்தது 53 கிலோமீட்டரிலும் நிலைகொள்ளும். அங்கே தசைக்கும் பழக்கத்துக்கும் இடமில்லை. காற்றும் எடையும் மட்டுமே பேசும்.

நூலின் இரண்டாவது குறை, அது யாருக்காக எழுதப்பட்டது என்பது. வேகத்தை நாடும் ஓட்டுநரே அதன் நடுவில் நிற்கிறார். உலகில் மிகப் பலர் சைக்கிளை ஓட்டுவது சுமை ஏற்றவும் பிழைப்புக்காகவும். முப்பது கிலோ மூட்டையைக் கட்டியவரின் இயற்பியலுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பின்பும், பட்டப்படிப்பு மாணவர் கையில் நான் கொடுக்க விரும்பும் நூல் இதுதான். தம் ஆசிரியரையே எதிர்த்து வாதாடத் தேவையான சமன்பாடுகளை வாசகர் கையில் தந்துவிடும் நூல்கள் மிகச் சில. மேலே நான் செய்த கணக்குகள் எல்லாம் அதன் முறைகளையே பின்பற்றியவை. தம் காதலை மறைக்காமலும் அளவீடுகளை ஒளிக்காமலும் எழுதிய வில்சன், தமக்கு எதிரான தீர்ப்பையும் மகிழ்ந்து படித்திருப்பார் என்றே எண்ணுகிறேன். தமிழில் இத்தகைய நூல் ஒன்று வரவேண்டும். அதில் துடைப்பக் கட்டையும் மூட்டை கட்டிய சைக்கிளும் முதல் அத்தியாயத்திலேயே இடம்பெற வேண்டும்.