கள்ளுக்கடை வாயிலில் சட்டம்: 1947 கெடா நிகழ்ச்சிகள் பற்றிய எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

1947 பெப்ரவரி இறுதியில் கெடா, பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் செய்த தோட்டத் தொழிலாளர்க்கும் காவல்துறையினர்க்கும் இடையே மோதல் மூண்டது. மார்ச் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் தொழிலாளி ஒருவர் மாண்டார். சார்ல்ஸ் கம்பா (1962), மைக்கேல் ஸ்டென்சன் (1970, 1980) ஆகியோர் இவற்றைத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் ஒரு கட்டமாக நோக்கினர். தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் தியாக வரலாறாகவே போற்றுகின்றனர். இரண்டிலும் ஒரு வினா எழுப்பப்படவில்லை என்பது எமது கருத்து. காவல்துறையினர் எந்தச் சட்டத்தின் அதிகாரத்தோடு அங்கு நின்றனர்?

இந்நிகழ்ச்சிகளை அவசரகாலக் கொடுமைகளோடு சேர்த்து எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பிழை. அவசரகாலம் 1948 ஜூன் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் நடைமுறையிலிருந்தது வழக்கமான சட்டமே. மலாயாவின் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. கடல் கடந்து வந்த தமிழனை ஊரில் விட்டு வந்த சட்டமே இங்கும் எதிர்கொண்டது! அச்சட்டப்படி, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவது மட்டுமே குற்றமாகாது. கூடியதன் பொது நோக்கம் சட்டவிரோதமானதாக இருத்தல் வேண்டும். கலைந்து செல்லுமாறு முதலில் ஆணையிட வேண்டும். அதற்குப் பணியாதபோதே பலப்பிரயோகம். அதுவும் தேவையான அளவே. அவ்வாணை இடப்பட்டதா? இடப்பட்டதெனில் எம்மொழியில்? தமிழன்றிப் பிறமொழி அறியாதார்க்கு அது விளங்கியதா? இவ்வினாக்களைக் கேளாமல் 'அடக்குமுறை' என்று மட்டும் எழுதிச் செல்வது அதிகாரத்துக்கே வசதியாகிறது. அதன் செயலை அதன் சட்டத்தைக் கொண்டே அளக்கும் வாய்ப்பை நாமே கைவிடுகிறோம்.

மறுபக்கமும் உண்டு. ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை, அணிவகுப்புப் பயிற்சி மேற்கொண்டது. குடித்தவர்களைத் தண்டிக்கவும் செய்தது. சட்டம் அதற்கு அவ்வதிகாரத்தை வழங்கவில்லை. நம்மவர் எழுத்துகள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அடிபட்ட குடிகாரனும் தோட்டத் தொழிலாளியே அல்லவா? எனினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நாம் உடன்படவில்லை. கள்ளுக்கடை உரிமம் பெற்றது. கூலி அங்கே கரைந்து வீட்டில் அடுப்பு எரியாமற் போனதற்கு எந்த அலுவலகமும் பொறுப்பேற்கவில்லை. சட்டம் கடையைக் காத்தது. குடும்பத்தைக் காக்க வேறொன்று முளைத்தது.

அவசரகால ஒழுங்குமுறைகள் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கின. டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டபோது அத்தகைய அதிகாரம் எதுவும் அவர்கள் கையில் இல்லை. இவ்வேறுபாட்டைச் சுட்டாத பாடக்குறிப்பைத் திருத்தாமல் மாணவர் கையில் கொடுத்தல் தகாது.