முடிவை மாற்ற மறுத்தவர்

எழுதத் தொடங்கும்போதே, 'இது பெரியவர்களுக்கு, இது வளரிளம் பருவத்தினருக்கு' என எழுத்தாளர் முடிவு செய்துவிடுகிறாரா? அமெரிக்க நாவலாசிரியர் ராபர்ட் கார்மியரை (1925–2000) வாசிக்குந்தோறும் இவ்வினா நம்முள் எழுகிறது.

மாசசூசெட்ஸில் செய்தியாளராகப் பணியாற்றிய கார்மியர் கத்தோலிக்கர். 1960-க்கும் 1965-க்கும் இடையில் பெரியவர்களுக்கென மூன்று நாவல்களை வெளியிட்டவர். பள்ளி நிதிக்காகச் சாக்லேட் விற்க அவருடைய மகன் ஒருமுறை மறுத்தான். அதனால் அவனுக்குத் தீங்கேதும் நேரவில்லை. நேர்ந்திருந்தால்? தந்தையின் அந்த அச்சமே 'தி சாக்லேட் வார்' (1974) நாவலாயிற்று. எந்த வயதினரையும் மனத்திற்கொண்டு அவர் அதனை எழுதவில்லை. அது இளையோருக்குரிய நூல் எனச் சுட்டியவர், கைப்பிரதியைப் படித்த அவருடைய இலக்கிய முகவரே.

கதை ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் நிகழ்கிறது. 20,000 பெட்டிச் சாக்லேட்டுகளை விற்றுத் தீர்க்க, மாணவரின் இரகசியக் குழுவோடு கைகோக்கிறார் அருட்சகோதரர் லியோன். தாயை இழந்த சிறுவன் ஜெர்ரி மட்டும் விற்க மறுக்கிறான். இறுதியில் மாணவர் கூட்டத்தின் முன்னே அடித்து நொறுக்கப்படுகிறான். வேறோர் அருட்சகோதரர் விளக்குகளை அணைத்துச் சண்டையை நிறுத்துகிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. லியோனோ குற்றவாளிகளைக் காக்கிறார்.

இம்முடிவை மாற்றினால் வெளியிடுவதாகச் சில பதிப்பகத்தார் கூறினர். கார்மியர் இணங்கவில்லை. அவர் உண்மையில் தேர்ந்துகொண்டது இங்கேதான் என்பது என் கருத்து. வாசகரின் வயதைப் பிறர் குறித்தனர்; அவ்வயதினருக்காக உண்மையைத் தணிப்பதா என்பதை அவரே முடிவு செய்தார்.

நாவலில் குறை இல்லாமலில்லை. பெண்கள் ஏறக்குறைய இல்லை. ஜெர்ரியின் தந்தை நிழலாகவே நின்றுவிடுகிறார். துறவியர் நடத்தும் பள்ளி இவ்வாறு சித்திரிக்கப்படுவது நம்மை வருத்தவும் செய்யும். எனினும், இளையோருக்கு நம்பிக்கையன்றோ தரவேண்டும் என்று கேட்போருக்கு ஒன்று கூறலாம்: ஜெர்ரிக்காக நெஞ்சு கொதிக்கும் மாணவன், நாளை தன் வகுப்பில் ஒருவன் தனித்து நிற்கையில் வாளாவிருப்பது அரிது. நம்பிக்கை அவனிடம் பிறக்கிறது.

'ஐ ஆம் த சீஸ்' (1977) நாவலில் ஒரு சிறுமியின் தொலைபேசி எண்ணாகத் தம் வீட்டு எண்ணையே கார்மியர் தந்திருந்தார். இளம் வாசகர் பலர் அழைத்தனர், அவர் உரையாடினார். தாம் தேடிச் செல்லாத வாசகர்கள் தம்மைத் தேடி வந்தபோது, அவர் கதவை அடைக்கவில்லை.