பொடியில் பிறந்த பல்சக்கரம்

டேபிள் ஃபேனுக்குள் இருக்கும் வெண்கலப் புஷ்ஷையும் மோட்டார் சைக்கிள் ஆயில் பம்பின் ரோட்டாரையும் குறிஞ்சிப்பாடி லேத் பட்டறைக்காரர் நன்றாகவே அறிவார். பெரும்பாலும் இவை வார்த்தவையும் அல்ல, கடைந்தவையும் அல்ல. உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டவை.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிராக இருக்காது. ஆனால் மண் சுடும்போது சுருங்கும். இரும்புப் பொடியோடு 2 விழுக்காடு செம்பும் சிறிது கிராஃபைட்டும் கலந்தால் சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூளையில் இருப்பதோ 1120தான். செம்பு மட்டும் உருகி இடுக்குகளில் பாய, இரும்புத் துகள்கள் திடநிலையிலேயே ஒன்றோடொன்று பிணைகின்றன. பல்லும் துளையும் அச்சிலேயே அமைந்துவிடுவதால் சீவல் கழிவு மிகக் குறைவு. ஓசூரில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் இப்படித்தான் வாகன உதிரிபாகங்களைச் செய்கிறது.

உள்ளே நுண்துளைகள் தங்கிவிடுவதுதான் சிக்கல். முழு இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம், சாதாரணமாக அழுத்திச் சுட்ட பாகத்தில் 7 கிராம் அளவே. ஃபேன் புஷ்ஷுக்கு அந்தத் துளை வரம்: எண்ணெயைக் குடித்து வைத்து, சுழலும்போது கசியவிடும். சுமை தாங்கும் கியருக்கோ அதுவே விரிசலின் தொடக்கம். நீளமான பாகத்தில் நடுப்பகுதிக்கு அழுத்தம் சரியாக எட்டாமல் அங்கே இன்னும் தளர்ந்திருக்கும். சூடாக்கி மறுபடி அடித்துத் துளைகளை மூடலாம். கார் எஞ்சினின் கனெக்டிங் ராடுகூட அப்படிச் செய்யப்படுகிறது. ஆனால் அந்த அடிக்கும் தனிச் செலவு உண்டு, மலிவு என்ற வாதம் அங்கே நொண்டுகிறது.

இந்த முறையைப் புகழ்வோர் கழிவின்மையை மட்டுமே பேசுவது எனக்கு ஒப்பவில்லை. பொடியாக்கவே பெரும்பாலும் உலோகத்தை ஒருமுறை உருக்கி நீரால் சிதறடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மின்சாரம் யார் கணக்கில்? அச்சின் விலையோ பல்லாயிரம் பாகங்களில் பரவினால்தான் கட்டுப்படியாகும். பக்கவாட்டுத் துளையும் மரையும் வேண்டுமென்றால் பிறகு லேத்துக்கும் டிரில்லுக்கும்தான் போக வேண்டும். உடைந்தால் ஒட்டுவதும் கடினம்: துளைகளில் ஊறிய எண்ணெய் வெல்டிங் சூட்டில் ஆவியாகிப் பற்றைக் கெடுக்கிறது. பத்துப் பாகம் கேட்டு வருபவருக்குப் பட்டறைக்காரர் கம்பியை வெட்டிக் கடைந்து கொடுப்பதே சரி. லட்சக்கணக்கில் வேண்டிய, கையடக்கமான, சுமை மிதமான பாகமென்றால் நான் ஓசூர் பக்கம்தான் நிற்பேன்.