ஆடையில் அருள் தேடுவோர்

ஊதா, வெண்மை, பச்சை, செம்மை! திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, பிறப்பு விழாவுக்கும் உயிர்ப்பு விழாவுக்கும் வெண்மை, பொதுக்காலத்துக்குப் பச்சை, தூய ஆவி விழாவுக்கும் கொள்கைக்காகக் குருதி சிந்தி மாண்டோர் நினைவு நாட்களுக்கும் செம்மை. மேலைநாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் குருமாரின் மேலங்கி இம்முறைப்படி நிறம் மாறும். நெடுநாளைய வழக்கம் இது. இப்போது அந்த நிறவரிசை மேலங்கியை விட்டு இறங்கி, இடுப்பாடையில் வந்து அமர்ந்திருக்கிறது! ஸ்காட்லாந்தின் ‘கில்ட்’ இருக்கிறதே, மடிப்பு மடிப்பாகத் தைத்து இடுப்பைச் சுற்றி முழங்காலளவு தொங்கவிடும் ஆடை, அதனைத் திருச்சபைக் காலத்துக்கொரு நிறமாக அணியும் ஆர்வம் குருமார் சிலரிடம் பிறந்துள்ளது. நாட்டு மரபும் சமய மரபும் கைகோத்து நிற்கும் காட்சி என்று இதனைப் போற்றுவோர் உளர்.

முழங்கால் தெரிய ஓர் ஆடவர் உடுத்துவது கண்டு நகைக்கும் நோக்கம் நமக்கில்லை. வேட்டியை மடித்துக் கட்டி வரப்பிலே நடக்கும் மக்களிடையே பிறந்தவர்கள் நாம். நகைப்போமா? நாம் ஆராய்வது வேறு. மரபு என்கிறார்களே, எவருடைய மரபு? எப்போது பிறந்தது? அந்த ஆடையை உடுத்திய மக்கள் அல்லலுற்ற நாளில், அதற்கு இன்று அருள் பூசுவோரின் முன்னோர் எங்கே நின்றனர்? இவையே நம் கேள்விகள்.

முதலில் மேலங்கியின் கதை. குருமார் அணியும் அங்கி வானிலிருந்து வந்ததன்று. பழைய உரோமப் பேரரசில் மக்கள் அன்றாடம் அணிந்த போர்வையாடையே அது. காலம் மாறிற்று, மக்கள் உடை மாறிற்று, குருமார் உடை மட்டும் மாறாது நின்றது. பழையதாகிப் போனமையாலேயே அது புனிதமாகிவிட்டது! தனியுடை பூண்டு தம்மை வேறுபடுத்திக்காட்ட முனைந்த ஆயர்களை, 428ஆம் ஆண்டிலேயே போப் முதலாம் செலஸ்டின் கடிந்து மடல் விடுத்தார். குரு மக்களிடமிருந்து வேறுபட வேண்டுவது போதனையால், உடையால் அன்று. ஒழுக்கத்தால், ஒப்பனையால் அன்று என்பது அம்மடலின் சாரம். கேட்டனரா? ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குள், பின்னாளில் போப் மூன்றாம் இன்னசென்ட் ஆனவர், எந்த விழாவுக்கு எந்த நிறம் என்று நூலில் வரிசைப்படுத்தி எழுதுமளவுக்கு நிலைமை வளர்ந்துவிட்டது. 1570இல் போப் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட வழிபாட்டு நூலில் நிறமுறை விதியாகவே நிலைபெற்றது.

அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் நடந்தது என்ன? 1560இல் ஜான் நாக்சும் அவர்தம் தோழர்களும் சீர்திருத்தக் கொடி உயர்த்தினர். வேதநூலில் ஆணையில்லாத விழா நாட்களை அடியோடு களைந்தனர். கிறிஸ்துமஸ் நாளும் அங்கே வேலைநாளாயிற்று. பின்னர் 1637இல், மன்னர் முதலாம் சார்லசு திணித்த புதிய வழிபாட்டு நூலை எடின்பரோவின் செயின்ட் கைல்ஸ் கோயிலில் படிக்கத் தொடங்கியதும் பெருங்கலகம் மூண்டது. விழாவையும் சடங்கையும் அந்நாட்டார் எத்துணை வெறுத்தனர் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறை ஆனது 1958இல்! கத்தோலிக்கரும் எபிஸ்கோப்பல் சபையாரும் காலவரிசையைக் காத்துவந்தனர் என்பது மெய். ஆயினும் நாட்டின் பெரும்பான்மைச் சபை அதனைப் பல தலைமுறைக் காலம் ஒதுக்கியே வைத்திருந்தது. காலநிறங்களை ஸ்காட்லாந்தின் கில்ட்டோடு இணைத்து மரபு என்று பாடுவோர், இந்த வரலாற்றுக்கு என்ன விடை வைத்துள்ளனர்?

இனி ஆடையின் கதை. மலைநாட்டார் பழங்காலத்தில் உடுத்தியது நீண்டதொரு போர்வை. இடுப்பில் வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போட்டுக்கொள்வர். பகலில் உடை; இரவில் படுக்கை. ஏழை உழைப்பாளியின் துணை அது. இன்று நாம் காணும் குறுங்கில்ட் உருப்பெற்றது 18ஆம் நூற்றாண்டில். தம் இரும்பு உலையில் உழைத்தோர்க்கு வசதியாக இருக்கட்டும் என்று தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் அமைத்தது அது என்று கூறுவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. குடிக்கொரு கட்டக்கோலம் என்ற வழக்கத்துக்கோ வயது இன்னும் குறைவு. பழஞ்சுவடியிலிருந்து எடுத்தது என்று கூறி, சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று பெயர் புனைந்துகொண்ட உடன்பிறந்தார் இருவர் 1842இல் கோலங்களின் நூலொன்றை வெளியிட்டனர். அது பொய்ச்சுவடி என்று பின்னர்த் தெளிவாயிற்று. பொய் மறைந்தது, கோலங்கள் மட்டும் நிலைத்தன! இன்று அரசே சட்டமியற்றி நடத்தும் பதிவேட்டில் குருமார் பெயராலேயே ஒரு கோலம் உண்டு.

புதிதாகப் பிறந்தது என்பதனாலேயே ஒன்று இழிந்ததாகிவிடாது. புதுமையை வரவேற்போர் நாம். புதுமைக்குப் பழமைச் சாயம் பூசி, அதன்மேல் புனிதச் சாயமும் பூசுவதையே மறுக்கிறோம்.

ஆடைக்காக மெய்யாகவே துன்புற்ற காலமும் இருந்தது. 1746இல் கலோடன் களத்தில் மலைநாட்டுப் படை வீழ்ந்தது. அவ்வாண்டே சட்டம் வந்தது: மலைநாட்டு உடை உடுத்தினால் ஆறு திங்கள் சிறை, மீண்டும் உடுத்தினால் ஏழாண்டு கடல்கடத்தல். அரசின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு! 1782 வரை அச்சட்டம் நின்றது. உடுத்தும் துணிக்காக மனிதனைச் சிறையிலிடுவது கொடுமை. அக்கொடுமைக்கு நாம் எந்நாளும் உடன்படோம்.

தடை நீங்கிய பின் நடந்ததுதான் நெஞ்சைச் சுடுவது. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் விழாவை வகுத்தார். மன்னரே கில்ட் பூண்டார். சீமான்களும் சீமாட்டிகளும் கட்டக்கோடு போட்ட துணியில் மினுக்கினர். அதே காலத்தில் மலைநாட்டில்? ஆட்டுமந்தைக்கு இடம்வேண்டிக் குடியானவர்களை நிலக்கிழார்கள் விரட்டிக்கொண்டிருந்தனர்! 1814இல் ஸ்ட்ராத்நேவரில் குடிசைகள் எரிந்தன. அதற்காக வழக்கில் நின்ற பாட்ரிக் செல்லர் 1816இல் விடுதலையானார். உடைக்கு அரியணை, உடுத்தியவனுக்கு நடுத்தெரு!

போதகர்களோ? எதிர்த்து நின்றோர் சிலர். பலர் வாய்மூடினர். வெளியேற்றம் மக்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று ஓதினோரும் உண்டு. காரணம் விளங்காததன்று. 1712ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான இடங்களில் போதகரை அமர்த்தும் உரிமை நிலக்கிழாரிடமே இருந்தது. பதவி தருபவனுக்கு எதிராக வாய் திறக்குமா? 1845இல் கிளென்கால்வி மக்கள் விரட்டப்பட்டபோது, கிராய்க் கோயில் முற்றத்தில் கூடாரமடித்துக் கிடந்தனர். கோயிற் கண்ணாடியில் தம் துயரைக் கீறி வைத்தனர். தம்மையே தீய தலைமுறை என்று அவர்கள் அதில் பொறித்தார்களே, அவ்வெண்ணத்தை அவர்தம் உள்ளத்தில் விதைத்தவர் எவர்? இன்றும் அந்தக் கண்ணாடி அங்கே இருக்கிறது.

எல்லாரும் அப்படியா? இல்லை. 1843இல் நிலக்கிழாரின் பிடியை உதறி, 450க்கு மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் ஊதியத்தையும் துறந்து வெளியேறிச் சுதந்தரத் திருச்சபை கண்டனர். கோயில் கட்ட நிலம் மறுக்கப்பட்ட ஸ்ட்ரான்டியனில், 1846இல் கடற்கழியின் மேல் மிதக்கும் கோயில் அமைத்து மக்கள் தொழுதனர். அந்தச் சபையும் மாசற்றதன்று. அமெரிக்க அடிமை உடைமையாளர் தந்த பணத்தை ஏற்றது. அதனைத் திருப்பி அனுப்புக என்று பிரெடரிக் டக்ளஸ் ஸ்காட்லாந்து மண்ணிலேயே நின்று முழங்கினார். ஆனால் கிளென்கால்வி மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் அச்சபையின் போதகர் கஸ்டவஸ் அயர்ட். அவர் அன்று என்ன நிறம் உடுத்தியிருந்தார் என்று கேட்பாருண்டோ?

நிறம் எழுத்தறியாதார்க்குப் பாடம் அன்றோ என்பர். இருக்கலாம். தவக்காலத்து ஊதா, நோன்பையும் மனமாற்றத்தையும் நினைவூட்டும் என்பதை மறுக்கவில்லை. அந்த நினைவூட்டலை மேலங்கி முன்பே செய்துவருகிறதே! இடுப்பாடை கூடுதலாகக் கற்பிக்கும் பாடம் யாது? கில்ட் இதுவரை குருவுக்கும் குடியானவனுக்கும் பொதுவாக இருந்தது. திருமணத்திலும் இழவிலும் ஒரே ஆடையில் இருவரும் அருகருகே நின்றனர். காலநிறம் ஏறியதும் அது குருவின் அடையாளச் சின்னமாகிறது, பொதுவுடை தனியுடையாகிறது. செலஸ்டின் அஞ்சியது இதைத்தான்.

உடுத்தட்டும்; தடுக்கச் சட்டம் வேண்டோம். இங்கிலாந்தில் 1874ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகச் சடங்கு காரணம் காட்டிக் குருமாரைச் சிறையிலடைத்தனர். அந்த அறிவின்மை மீண்டும் வேண்டா. குருமாரை நாம் கேட்பது ஒன்றே. மலைநாட்டான் கில்ட்டை உடுத்த விரும்பினால், மலைநாட்டான் உடுத்தியபடியே உடுத்துங்கள். அவனுக்கும் உங்களுக்குமிடையே நிறத்தால் ஒரு வேலி எழுப்பாதீர்கள். எட்டுக் கெசத் துணியில் எத்தனை மடிப்பு வைத்தாலும், அதற்குள் கிராய்க் கண்ணாடியின் கீறல்களை மறைக்க முடியாது!